மாப்பானையும் மருந்துக் குளிசையும்



பதுளை, அப்புத்தளை மலைத்தோட்டங்களில் தோசைக்கு அரைத்த மா குளிரினால் விரைவில் புளிப்பதில்லை. ஆதலால் லயத்துப் பெண்கள் மாப்பானையை அடுப்பங்கரையில் வைப்பர். அந்தக் கதகதப்பில் நுண்ணுயிர்கள் பெருகி மாவைப் பொங்கச் செய்கின்றன. பாலைத் தயிராக்குவனவும் அவற்றின் உறவினவே. நம் குடலிலும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்ந்து செரிமானத்துக்குத் துணைபுரிகின்றன.

நோய் விளைக்கும் கிருமிகளும் உண்டு. 1928ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்ததால் அவற்றுட் பலவற்றை வெல்ல வழி பிறந்தது. ஆயினும், அளவு குறைந்தால் கிருமிகள் மருந்தை எதிர்க்கும் ஆற்றல் பெறும் என்று 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே அவர் எச்சரித்தார்.

காய்ச்சல் தணிந்ததும் மீதிக் குளிசைகளை முடிந்துவைத்து, அயல்வீட்டுப் பிள்ளையின் தடிமனுக்குக் கொடுப்போர் நம்மிடையே உளர். தடிமன் வைரசினால் வருவது. அம்மருந்து அதனைத் தீண்டாது. குடலிலுள்ள நல்லுயிர்களையே அழிக்கும். மடியாது எஞ்சும் வலிய கிருமிகளோ, நெருங்கிய காம்பிராக்களில் வாழ்வோரிடையே எளிதிற் பரவும். பின்னர் உயிர்காக்க வேண்டிய வேளையில் மருந்து பயனற்றுப்போகும்.

ஆகவே, மருத்துவர் விதித்த அளவையும் நாளையும் தவறாது கைக்கொள்ளுங்கள். பகிர்ந்துண்பது நம் பண்பு. தோசையைப் பகிர்வோம், மருந்தைப் பகிரோம்.