நிக்காஹ் எனும் உடன்படிக்கையும் கடல் கடந்த குடும்பங்களும்



கடல் கடந்து வாழும் கணவனோடு அல்லது மனைவியோடு சென்று சேர்வதற்கான வீசாவைப் பற்றியும், அதற்கு அடித்தளமாக அமையும் திருமணத்தைப் பற்றியும் இன்று சில விடயங்களைச் சிந்திப்போம்.

யாழ்ப்பாணத் தீவகத்திலே எழுவைதீவு மிகச் சிறியதொரு தீவு. ஊர்காவற்றுறையிலிருந்து படகேறியே அங்கு செல்ல வேண்டும். அத்தீவின் மக்கள் எமது மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்களது வாழ்வும் எமது வாழ்வும் ஒரே கடலின் இரு கரைகளைப் போன்றவை. போர்க்காலத்தில் தீவக மக்கள் கனடாவுக்கும் பிரான்சுக்கும் பிரித்தானியாவுக்கும் சிதறிச் சென்றார்கள். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்கள் புத்தளத்திலும் பிற இடங்களிலும் குடியேறினார்கள். அவர்களின் பிள்ளைகளிலும் பலர் இன்று வெளிநாடுகளில் வாழ்கின்றார்கள். எனவே எழுவைதீவில் ஒரு மணமகள் வீசாவுக்காகக் காத்திருப்பதும், புத்தளத்தில் ஒரு மணமகள் காத்திருப்பதும் ஒரே துயரந்தான்.

எண்ணங்களைப் பொறுத்தே செயல்கள் அமைகின்றன என்ற கருத்தைக் கூறும் நபிமொழியை நாம் யாவரும் அறிவோம். ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸாக அமைந்திருப்பது அதுவே. அந்த ஹதீஸ் எதனை உதாரணமாக எடுத்துக்கொள்கின்றது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாடு விட்டு நாடு செல்வதையும், ஒரு பெண்ணை மணமுடிக்கும் நோக்கத்தையும் அது ஒன்றாகவே பேசுகின்றது. ஆம், இன்றைய வீசா அதிகாரியும் அதே கேள்வியைத்தான் கேட்கின்றார்: இது வாழ்வதற்காகச் செய்த திருமணமா, அல்லது நாடு மாறுவதற்காகச் செய்த திருமணமா?

நேயர்களே! இதிலே நாம் பேண வேண்டியவை மூன்று. திருமணத்தை எழுதுவது, உண்மையை மறைக்காதிருப்பது, பொறுப்பை நிறைவேற்றுவது.

முதலாவது, எழுதுவது. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆவது வசனம், கடனைச் சாட்சிகளோடு எழுதி வைப்பதைப் பற்றியது. சில ஆயிரம் ரூபாய்க் கடனை எழுத வேண்டுமென்றால், ஒரு பெண்ணின் வாழ்நாளையே ஒப்படைக்கும் உடன்படிக்கையை எழுதாமல் விடலாமா? 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி பதியப்படாத காரணத்தால் மட்டும் ஒரு நிக்காஹ் செல்லுபடியற்றதாகி விடாது. ஆனால் அதே சட்டம், நிக்காஹ் முடிந்த உடனேயே அது பதியப்பட வேண்டுமென்றும், அந்தக் கடமை மணமகனுக்கும் வலீக்கும் நிக்காஹை நடத்தி வைத்தவருக்கும் உரியதென்றும் கூறுகின்றது. பலர் முதற் பகுதியை மாத்திரம் நினைவில் வைத்திருக்கின்றார்கள். இரண்டாவதை மறந்து விடுகின்றார்கள். பின்னர் தூதரகம் சான்றிதழ் கேட்கும் வேளையில், இரண்டு வருடங்களுக்கு முந்திய நிக்காஹை நேற்றுப் பதிந்த பத்திரத்தோடு நிற்கின்றார்கள். சந்தேகம் அங்கேதான் பிறக்கின்றது.

மணமகன் வெளிநாட்டில் இருக்க, வகாலத் முறையிலோ தொலைபேசி மூலமாகவோ நிக்காஹ் நடத்துவது எமது சமூகத்தில் புதியதல்ல. ஆனால் மணமக்களில் ஒருவர் நேரில் இல்லாது நடந்த திருமணத்தை, 2015 ஜூன் மாதம் முதல் கனடா குடிவரவு நோக்கங்களுக்காக ஏற்றுக்கொள்வதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் சட்டமோ, அத்தகைய திருமணத்தின் பின் கணவனும் மனைவியும் ஒன்றுசேர்ந்து வாழ்ந்திருந்தால் மாத்திரமே அதனைக் கருத்தில் எடுக்கின்றது. ஆகவே பெற்றோர்களே, மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்னர், மாப்பிள்ளை விடுமுறை எடுத்து நேரில் வருவாரா என்பதை உறுதி செய்து கொள்ளுங்கள். ஒரு விமானச் சீட்டின் செலவை மிச்சம் பிடித்துப் பல வருடங்களை இழந்து விடாதீர்கள்.

இடம்பெயர்வில் பத்திரங்களை இழந்தவர்கள் இதிலே கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களும், அதிலே பெயர் பிழையாக உள்ளவர்களும் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவை இப்போதே நாடுங்கள். திருமணம் பேசிய பின்னர் அவசரப்பட்டால் பிழை மேல் பிழை சேரும். சான்றிதழ்களை அத்தாட்சிப்படுத்துவதற்கு வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கு யாழ்ப்பாணத்திலும் ஒரு பிராந்திய அலுவலகம் உண்டு.

இரண்டாவது, உண்மை. முன்னைய திருமணத்தையோ, பிள்ளையையோ, தலாக்கையோ விண்ணப்பத்தில் மறைப்பவர்கள் இருக்கின்றார்கள். நேயர்களே, அந்தப் பத்திரத்தில் இடும் கையொப்பம் ஒரு சாட்சியமாகும். கனடாவில் நிரந்தர வதிவிடம் பெற்றபோது மனைவியை அல்லது பிள்ளையை அறிவிக்காது விட்டவர், பின்னர் அவர்களைக் குடும்ப வகுப்பில் அழைக்க முடியாதென்பதே அந்நாட்டு விதி. இதனால் உண்டான துயரங்களைக் கண்டு 2019 இல் சில தளர்வுகள் கொண்டுவரப்பட்டன. ஆயினும் அவை எல்லோருக்கும் பொருந்துவன அல்ல. முதல் மனைவி இருக்க இரண்டாவது மனைவியை அழைப்பதையும் அந்நாடு ஏற்பதில்லை. விவாகரத்து நடந்திருந்தால், காதி நீதிமன்றத்தின் சான்று கையில் இருக்க வேண்டும். ஊரார் அறிவார்கள் என்பது போதாது.

பணத்துக்காகப் போலித் திருமணம் செய்து தருவோம் என்று கூறும் தரகர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். போலித் திருமணத்துக்கு அமெரிக்காவில் ஐந்து வருடம் வரை சிறையும் இரண்டரை இலட்சம் டொலர் வரை தண்டமும் விதிக்கப்படலாம். அவ்வாறு அகப்பட்டவர் பின்னர் உண்மையாகவே ஒருவரை மணந்தாலும், குடும்ப வழியில் கிறீன் காட் பெறும் பாதை அவருக்கு மூடப்பட்டு விடுகின்றது. அல்லாஹ்வைச் சாட்சியாக வைக்கும் ஒரு காரியத்தை விலைக்கு விற்பவனுக்கு இவ்வுலகத் தண்டனை மட்டுமா காத்திருக்கின்றது?

மூன்றாவது, பொறுப்பு. மனைவிக்கு உணவும் உடையும் உறைவிடமும் கொடுப்பது கணவனின் கடமையென மார்க்கம் கூறுகின்றது. அந்நிய அரசாங்கங்களும் அதனையே பத்திரத்தில் எழுதிக் கேட்கின்றன. கனடாவில் துணையை அழைப்பவர் மூன்று வருடங்களுக்குப் பராமரிப்புப் பொறுப்பை ஏற்கின்றார். அமெரிக்காவில் கொடுக்கும் வாக்குறுதி, மனைவி பிரஜாவுரிமை பெறும் வரை அல்லது ஏறக்குறைய பத்து வருட உழைப்பு அவர் கணக்கில் சேரும் வரை நீடிக்கும். விவாகரத்துக்கூட அதனை முடித்து வைப்பதில்லை. பிரித்தானியாவோ, அழைப்பவரின் ஆண்டு வருமான எல்லையை 2024 ஏப்ரல் 11 முதல் 18,600 பவுணிலிருந்து 29,000 பவுணாக உயர்த்தியது. பெண் வீட்டார் மாப்பிள்ளையின் ஊரையும் குலத்தையும் மட்டும் விசாரித்துத் திருப்தியடையாது, அவரது வதிவிட அந்தஸ்தையும் தொழிலையும் பத்திரம் பார்த்து அறிந்து கொள்வது இதனால் அவசியமாகின்றது. அமெரிக்கப் பிரஜையின் மனைவிக்கு ஆண்டு வரையறை இல்லை. கிறீன் காட் மாத்திரம் உடையவரின் மனைவியோ வரிசையில் காத்திருக்க வேண்டும். ‘வெளிநாட்டு மாப்பிள்ளை’ என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை வேறுபாடுகள் உள்ளன.

சகோதரிகளே! உங்களுக்கு ஒரு வார்த்தை. திருமணமாகி இரண்டு வருடம் நிறையாத நிலையில் அமெரிக்கா செல்பவருக்கு நிபந்தனையோடு கூடிய இரண்டு வருடக் கிறீன் காட் வழங்கப்படும். அது முடிவதற்கு முந்திய 90 நாட்களுக்குள் நிபந்தனையை நீக்குமாறு விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாக இருவரும் சேர்ந்தே விண்ணப்பிப்பர். ஆனால் கொடுமைக்கு உள்ளான மனைவி தனித்தும் விண்ணப்பிக்கலாம். கனடா, 2012 இல் கொண்டுவந்த இது போன்ற நிபந்தனையை 2017 ஏப்ரலில் நீக்கி விட்டது. பிரித்தானியாவிலும் வன்முறைக்கு ஆளான மனைவிக்குத் தனிவழி உண்டு. ‘உன்னை நாட்டுக்கு அனுப்பி விடுவேன்’ என்று மிரட்டும் கணவனின் சொல் சட்டமல்ல. உங்கள் கடவுச்சீட்டும், நிக்காஹ் சான்றிதழின் பிரதியும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதிவுப் படிவம் மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. அதற்காக மணமகள் தன் திருமணப் பத்திரத்தைக் காணாமலே இருந்து விட வேண்டியதில்லை.

சகோதரர்களே! மணமுடித்துச் சென்ற பின்னர் விண்ணப்பத்தைப் போடாது, இன்று நாளை என்று காலம் கடத்துவது பாவமான காரியம். படகுத் துறையிலும் பஸ் தரிப்பிடத்திலும் ‘இன்னும் போகவில்லையா?’ என்ற கேள்விக்கு அவள்தான் பதில் கூற வேண்டியிருக்கின்றது, நீங்கள் அல்ல. அழைக்க வசதி இல்லையெனில் அதனை முன்னரே சொல்லி விடுங்கள். காத்திருப்பதா இல்லையா என்பதை அவள் அறிந்து முடிவு செய்யட்டும்.

திருக்குர்ஆன் திருமணத்தை உறுதிமிக்கதோர் உடன்படிக்கையாகக் காண்கின்றது. அந்த உடன்படிக்கை முதலில் உள்ளத்திலும், பின்னர் பதிவேட்டிலும், அதன் பின்னரே வீசாப் படிவத்திலும் எழுதப்படட்டும். மூன்றிலும் ஒரே உண்மை இருக்குமாயின், அதிகாரியின் கேள்விக்கு அஞ்ச வேண்டியதில்லை.

பிரிந்து வாழும் குடும்பங்கள் அனைத்தையும் வல்ல அல்லாஹ் நலமே ஒன்று சேர்ப்பானாக! ஆமீன்.