முதியோர் இல்லத்திற்கு அன்னம் அனுப்புமுன்

(திருவிழாவையொட்டி நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவிழாக் காலங்களில் மலேசிய ஆலயங்களின் மடைப்பள்ளியிலிருந்து ஒரு பங்கு உணவு முதியோர் இல்லங்களுக்குச் செல்வது நல்லதொரு வழக்கமாக வளர்ந்திருக்கிறது. தைப்பூசத்திலும் தீபாவளியிலும் சில இல்லங்களில் ஒரே நாளில் மூன்று நான்கு உபயங்கள் வந்து குவிவதுண்டு. அனுப்புவோரின் அன்பில் குறை காண்பதற்கில்லை. எனினும், அவ்வுணவை உண்பவர் யார், எத்தனை மணிக்கு உண்கிறார், அவரால் அதை விழுங்க இயலுமா என்று கேட்போர் மிகச் சிலரே.

இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு நகரிலிருந்த ஸ்டேன்லி ராய்ட் மருத்துவமனையில் 1984ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நேர்ந்த துயரம் இங்கு நினைவுகூரத்தக்கது. நெடுங்காலம் தங்கிச் சிகிச்சை பெற்ற முதியவர் பலர் அங்கு இருந்தனர். சமைத்த இறைச்சி, வெயில் நாளொன்றில் பல மணி நேரம் குளிர்பதனப் பெட்டிக்கு வெளியே கிடந்து, பின்னர் பரிமாறப்பட்டது. சால்மோனெல்லா என்னும் கிருமியால் நானூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஊழியர்களும் நோய்வாய்ப்பட்டுத் தேறினர். நோயாளிகளுள் 19 பேர் மாண்டனர். அக்காலத்தில் அரசு மருத்துவமனை அடுக்களைகளின்மீது உணவுச் சட்டப்படி வழக்குத் தொடர வழியில்லை. இத்துயரும் இதன்மேல் நடந்த பொது விசாரணையும் 1986ஆம் ஆண்டில் அவ்விலக்கை நீக்கும் சட்டத்திற்கு வழிவகுத்தன.

இளையவருக்கு ஒருநாள் வயிற்றுப்போக்காகக் கழிந்துவிடுவது முதியவருக்கு உயிராபத்தாக முடிவதற்குக் காரணங்கள் உண்டு. வயது முதிர்ந்தோர் பலருக்கு இரைப்பை அமிலம் குறைகிறது. எனவே கிருமிகள் எளிதில் குடலைச் சென்றடைகின்றன. நோய் எதிர்ப்பாற்றலும் தளர்கிறது. தாக உணர்வு மங்கிவிடுவதால் உடலில் நீர் வற்றுவதை அவர்களே அறிவதில்லை.

சைவ உணவுதானே, அதில் என்ன கேடு வரும் என்று எண்ணுவது தவறு. அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் இயல்பாகவே இருக்கின்றன. சோறு கொதித்தாலும் அவை அழிவதில்லை. சோறு வெதுவெதுப்பாகவே நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. வாந்தியை விளைவிக்கும் அந்நஞ்சு மறுபடி சூடாக்குவதால் நீங்குவதன்று. பெரிய குண்டானில் நிறைந்த சாம்பாரின் நடுப்பகுதி மெல்ல மெல்லவே ஆறும். அச்சூடும் கிருமிகளுக்கு ஏற்ற விளைநிலமாகும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறைப்படி, சமைத்த உணவு 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக அல்லது 5 பாகைக்குக் கீழ்க் குளிராக இருத்தல் வேண்டும். வெளியில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைத்தலாகாது.

இவ்வளவுகோலைக் கொண்டு ஓர் உபயத்தைப் பார்க்கலாம். விடியற்காலை ஐந்து மணிக்குச் சோறு வடிக்கப்படுகிறது. பூசை, நைவேத்தியம், ஆலயப் பந்தி யாவும் முடிந்து பதினொரு மணிக்கு மிஞ்சியது பொட்டலமாகிறது. நெரிசலைக் கடந்து இல்லத்தை அடைகையில் மணி ஒன்று. அங்குள்ள பணிப்பெண்கள் படுக்கையிலிருப்போருக்கு ஒவ்வொருவராக ஊட்டி முடிக்க இரண்டரை ஆகும். ஒன்பதரை மணி நேரம்! பந்தி முடிந்து மிஞ்சியதை அனுப்பாமல், முதியோருக்கென்று முதலிலேயே எடுத்துவைத்து, சூடு காக்கும் கலத்தில் நேரே அனுப்புவதே முறை. தேங்காய்ச் சட்டினியும் தயிர்ச்சோறும் தொலைவு செல்லத்தக்கவையல்ல. புளியோதரையை வழிநடைக்குக் கட்டிச் சென்ற முன்னோர் அறிந்தே செய்தனர். புளியின் அமிலம் கிருமிகளை ஓரளவு தடுக்கும். அதற்கும் எல்லையுண்டு.

இனி விழுங்குதல். பக்கவாதத்தாலும் மறதி நோயாலும் விழுங்கும் ஆற்றல் குன்றியவர் இல்லங்களில் பலர். அவர்களுக்கு உலர்ந்த வடையும் பிசுபிசுப்பான கேசரியும் மூச்சுக்குழலை அடைக்கவல்லவை. உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை படிநிலைகளாகப் பிரிக்கும் பன்னாட்டு அளவுமுறை இப்போது பல நாடுகளில் வழங்குகிறது. அதில் ஐந்தாம் படிக்குரிய பெரியவருக்கு உணவுத் துண்டு நான்கு மில்லிமீட்டருக்கு மேல் அகலமிருத்தலாகாது. சாதாரண முள்கரண்டியின் இரு பற்களுக்கிடையே உள்ள இடைவெளி ஏறத்தாழ அவ்வளவே. அடுக்களையில் அளந்து பார்க்க இதனினும் எளிய கருவி வேண்டுவதில்லை.

பாதுகாப்பு ஒருபுறமிருக்க, சத்து என்பது மற்றொரு குறை. நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று உப்பும் புளியும் காரமும் ஒருங்கே நீக்கப்பட்ட சப்பென்ற உணவை முதியவர் தொடாமல் ஒதுக்குகிறார். நாவின் சுவையுணர்வும் மூக்கின் மணவுணர்வும் மங்கிய வயதில் சீரகம், மிளகு, கறிவேப்பிலை, எலுமிச்சைச் சாறு ஆகியன உப்பின்றியே பசியைத் தூண்டும். முதியோருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாள்தோறும் 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டில் வல்லுநர் குழுவொன்று அளித்த பரிந்துரை. ஐம்பது கிலோ எடையுள்ள மூதாட்டிக்கு அது குறைந்தது 50 கிராம். தண்ணீராய் ஓடும் சாம்பாரில் அது கிட்டாது. கெட்டிப் பருப்பு, தயிர், தெம்பே முதலியன வேண்டும். சிறுநீரக நோயாளிக்கோ கணக்கு வேறு. அவருக்கு இளநீரும் வாழைப்பழமும்கூட மருத்துவரைக் கேட்டே தரத்தக்கவை.

மலேசியாவில் 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டம் இல்லங்களின் பதிவைக் கட்டாயமாக்கியது. 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகள் உணவைக் கையாள்வோருக்குப் பயிற்சியும் தடுப்பூசியும் வேண்டும் என்கின்றன. ஆயினும் நன்கொடையை நம்பி நடக்கும் சிறிய இல்லத்தில், சமைப்பவரே குளிப்பாட்டவும் துணி மாற்றவும் நேர்வதுண்டு. அவ்விடத்தில் குறை அவருடையது மட்டுமன்று.

ஆதலின் உபயகாரர்கள் ஒரு வாரம் முன்னரே இல்லப் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, எத்தனை பேர், எவருக்கு மசித்த உணவு, அன்றைக்கு வேறு எவர் உணவு தருகிறார் எனக் கேட்டறிதல் நலம். ஏற்கெனவே மூவர் இருப்பின், அதே தொகையை அடுத்த மாதத்து ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாம். அன்று எவரும் வருவதில்லை. உணவே தரவேண்டுமென்பதும் இல்லை. பழுதடைந்த குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றாக ஒன்று, சோற்றின் நடுவே செருகிச் சூட்டை அளக்கும் வெப்பமானி ஒன்று, இவையும் அன்னதானக் கணக்கில் சேரும். படம் எடுத்துக்கொண்டு உடனே புறப்படாமல், பந்தி முடியும்வரை இருந்து, அடுக்களைக்குத் திரும்பி வரும் தட்டுகளில் என்ன மிஞ்சியிருக்கிறதென்று பார்த்தால், அடுத்த முறை எதை அனுப்புவது என்பது தெரிந்துவிடும்.