மைனஸ் 183-உம் ஒரு தண்ணீர்க் குழாயும்



"தொழில் சம்பந்தமா ஏதாவது பேசுப்பா, ஆனா போரடிக்காம" என்றார் செயலாளர் அண்ணன். நான் ஆஸ்பத்திரிகளுக்குத் திரவ ஆக்சிஜன் டாங்க் அமைத்துக் கொடுப்பவன். தெரிந்ததைத்தானே பேச முடியும்!

வீட்டு கேஸ் சிலிண்டரை ஆட்டினால் உள்ளே தளும்பும். ஆக்சிஜன் சிலிண்டர் தளும்பாது. 150 மடங்கு அழுத்தத்தில் அடைத்தாலும் உள்ளே இருப்பது வாயுதான். மைனஸ் 118.6 டிகிரிக்கு மேல் என்னதான் அமுக்கினாலும் ஆக்சிஜன் திரவமாகாது. தெர்மோ பேப்பரில் 'கிரிட்டிகல் டெம்பரேச்சர்' என்று எழுதி மார்க் வாங்கினோமே, அதேதான். 1845-இல் ஃபாரடே மைனஸ் 110 வரை போய்விட்டார். இன்னும் ஒன்பது டிகிரி! கிடைக்கவில்லை. 1883-இல் க்ராக்கோவ் நகரில் ரோப்ளெவ்ஸ்கியும் ஓல்ஷெவ்ஸ்கியும்தான் அதைத் திரவமாகக் கண்ணால் பார்த்தார்கள். இளநீலமாக இருக்கும். சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 183-இல் கொதிக்கும், மைனஸ் 219-இல் உறையும்.

ஒரு லிட்டர் திரவம் சுமார் 850 லிட்டர் வாயுவாகும். அதனால்தான் டாங்க். அதைக் கொதிக்க வைக்க அடுப்பு வேண்டாம், கரண்ட்டும் வேண்டாம். அலுமினியத் தகடு வைத்த வேப்பரைசர் வழியாக விட்டால், சுற்றியிருக்கும் காற்றின் சூடே போதும்.

2021 மே மாதம் அந்தச் சூடு போதவில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று மாடியும் நோயாளிகள். இழுப்பு டிசைனைவிடப் பல மடங்கு. காற்றின் ஈரமெல்லாம் தகடுகளில் பனிக்கட்டியாக ஏறிக்கொண்டது. பனி ஏறினால் சூடு உள்ளே போகாது. அப்புறம் ஆவியாகாத திரவமே லைனில் புகுந்து ரெகுலேட்டரைக் கெடுக்கும், பிரஷர் விழும். மாடியில் இருப்பவர்களுக்கு அது நிமிஷக் கணக்கு.

ஹோஸைப் பிடித்துத் தண்ணீர் அடித்தோம், ராத்திரி முழுக்க, முறை மாற்றி. வெண்புகை கிளம்பியதும் வாட்ச்மேன் பெரியவர், "தம்பி, கேஸ் லீக்காகுதா?" என்று பதறினார். "இல்லீங்க ஐயா, காத்துல இருக்கிற ஈரம்தான்" என்றேன். மைனஸ் 183-க்கு நம் குழாய்த் தண்ணீர் கொதிக்கும் எண்ணெய் மாதிரி. விடியும் வரை பிரஷர் இறங்கவில்லை.

இப்போது என் டிராயிங் எல்லாவற்றிலும் இரண்டு வேப்பரைசர். ஒன்று ஓடும்போது இன்னொன்று பனி உருகும். பக்கத்திலேயே ஒரு தண்ணீர்க் குழாய். செலவைக் குறைக்கச் சொல்பவர்கள் முதலில் கை வைப்பது அந்த இரண்டாவது வேப்பரைசரில்தான். நான் விடுவதில்லை.

டிபன் ஆறுகிறது.