மழலை முகமும் மனித அன்பும்



தொட்டிலிற் கிடக்கும் மகவைக் கண்டதும் நம் முகம் மலர்வதேன்? நாய்க்குட்டியைக் கண்டாலும் கை தானே நீளுவதேன்? இவ்வினாவுக்கு 1943ஆம் ஆண்டில் விடை பகர்ந்தவர் ஒஸ்திரிய விஞ்ஞானியான கொன்றாட் லோரன்ஸ். உடலுக்கு மிஞ்சிய தலை, புடைத்த நெற்றி, பெரிய விழிகள், உப்பிய கன்னம், குறுகிய கைகால்கள் ஆகிய இவ்வடையாளங்களே நம் உள்ளத்திற் பரிவை எழுப்புகின்றன என்றார் அவர். மனித மகவு நெடுங்காலம் பிறர் துணையின்றி வாழ இயலாது. அதனைக் காக்கவே இயற்கை நமக்கு இவ்வுணர்ச்சியை அளித்தது. அவ்வடையாளங்களை விலங்குக் குட்டியிலும் பொம்மையிலுங் கூடக் கண்டு நாம் நெகிழ்கிறோம். பிள்ளை பெறாத பெண்களிடத்து நடத்தி 2009இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, மகவின் முகத்தில் இவை மிகுந்தபோது மூளையில் இன்ப உணர்ச்சிக்குரிய பகுதி கூடுதலாக இயங்கியதைக் காட்டிற்று.

எனினும், இந்நெகிழ்ச்சி மாத்திரம் போதுமா? 1973இல் நோபல் பரிசு பெற்ற இதே லோரன்ஸ், 1938இல் நாசிக் கட்சியிற் சேர்ந்தவர். மகவின் முகத்தை நுணுகி அறிந்த அறிவு, மனிதரைத் தரம் பிரித்த கட்சியினின்று அவரைத் தடுக்கவில்லை.

பிறரைக் குறைகூற நான் இங்கு நிற்கவில்லை. அக்காவின் மகவைத் தூக்க ஓடும் நான், அதே விறாந்தையில் இருமிக்கொண்டிருக்கும் ஆச்சிக்குத் தண்ணீர் கொடுக்கப் பிந்துகிறேன். மகவிடம் இயற்கை என்னை இழுத்துச் செல்கிறது. ஆச்சியிடம் நானேதான் போகவேண்டும்.