நல்ல மனசு தோட்டாவை இறக்குமா?

(தலைப்பு: காவலர் கையில் துப்பாக்கி பாதுகாப்பாக இருக்கப் பெரிதும் தேவை நல்ல மனமா, நல்ல பயிற்சியா? ‘நல்ல பயிற்சியே’ என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய சகோதரி அருமையாகப் பேசினார். ‘மனசு சுத்தமா இருந்தா துப்பாக்கியாலே தப்பு நடக்காது’ என்று முடித்தார். நான் ஒன்று கேட்கிறேன் அம்மா. உங்க வீட்டு அரிவாள்மனைக்கு உங்க மனசு தெரியுமா? இருபது வருஷமா அன்பாத்தானே காய் நறுக்குறீங்க? ஒரு நாள் டி.வி.யைப் பார்த்துக்கிட்டே நறுக்கினா, ‘நம்ம அம்மாவாச்சே’ன்னு விரலை விட்டுடுதா? (சிரிப்பு) அரிவாள்மனைக்கே மனசு தெரியலை. துப்பாக்கிக்கா தெரியப்போகுது?

இந்த ஊருக்கு வருவோம். கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டம் ஆச்சு. மாவட்டம் புதுசு, கல்வராயன் மலை பழசு. மலையிலே ஒளிந்திருக்கிற நாட்டுத் துப்பாக்கியும் பழசு! உரிமம் இல்லாத துப்பாக்கி பறிமுதல் என்று அந்த மலையிலிருந்து அடிக்கடி செய்தி வரும்.

என்னிடம் தமிழ் படித்த மாணவர் ஒருவர் இன்று காவல் துறையில் அதிகாரி. அவர் சொன்னார்: “ஐயா, எல்லாரும் துப்பாக்கியைப் பிடிச்சதைத்தான் பாராட்டுறாங்க. பிடிச்ச பிறகு ஜீப்பிலே ஏத்திக்கிட்டு வர்றோமே, அதுதான் ஐயா பயம்!”

ஏன் பயம்? நாட்டுத் துப்பாக்கி என்பது வாய் வழியாக மருந்தையும் பால்ரஸ் குண்டையும் போட்டுக் குச்சியால் இடிக்கிற சாதனம். உள்ளே மருந்து இருக்கிறதா இல்லையா என்று வெளியே பார்த்தால் தெரியாது. அதற்கு ஒரு வழி உண்டு. குழலின் வாய்க்கு நேரே நிற்காமல், அடியில் இருக்கிற கேப்பை முதலில் எடுத்துவிட்டு, குச்சியைக் குழலுக்குள் விடணும். எவ்வளவு தூரம் உள்ளே போச்சு என்று குழலுக்கு வெளியே வைத்து அளக்கணும். அடி வரை போகவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். இதை நல்ல மனசு சொல்லித்தருமா? பயிற்சிதான் சொல்லித்தரும்! (கைதட்டல்)

சரி, அது காட்டுத் துப்பாக்கி. காவல் நிலையத்துத் துப்பாக்கிக்கு வாங்க. பாரா மாறும்போது ஒருவர் இன்னொருவரிடம் துப்பாக்கியைக் கொடுக்கிறார். தோட்டாக் கூட்டைக் கழற்றியாச்சு, இனிப் பயமில்லை என்று நினைக்கிறார். ஆனால் கூட்டைக் கழற்றினாலும் உள்ளறையிலே ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கலாம். வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டேன்னு சொல்லிவிட்டு, தாத்தாவை உள்ளே விட்டுப் பூட்டின கதைதான். (பலத்த சிரிப்பு) அதனால் முதலில் கூட்டைக் கழற்று, பிறகு அறையைத் திற, கண்ணால் பார், விரலாலும் தொட்டுப் பார். இந்த வரிசை மாறக்கூடாது. அறையை முதலில் திறந்து மூடினால், கூட்டிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும். குழல் எந்நேரமும் ஆள் இல்லாத பக்கம். சுடுகிற நேரம் வரும்வரை விசையிலே விரல் கூடாது.

எதிரணித் தலைவர் கேட்டார்: ‘தசரதனுக்குப் பயிற்சி இல்லையா?’ நல்ல கேள்வி. ஓசையை வைத்தே குறி தவறாமல் எய்வான். இருட்டிலே தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. யானை என்று நினைத்து எய்தான். விழுந்தது, பார்வையில்லாத பெற்றோருக்குத் தண்ணீர் எடுக்க வந்த பிள்ளை. தசரதன் கெட்டவனா? இல்லையே! உங்கள் நல்ல மனசு அங்கேயும் இருந்ததே ஐயா! அவனுக்கு எய்யும் பயிற்சி இருந்தது. எய்யாமல் நிறுத்தும் பயிற்சி இல்லை. இலக்கைக் கண்ணால் பார்க்காமல் அம்பை விடாதே என்று கை பழகவில்லை. (கைதட்டல்)

அது புராணம் என்பீர்கள். இது நம் காலம். 2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளத்தில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினருக்குப் பயிற்சி. ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், தாத்தா வீட்டிலே பதினோரு வயதுப் பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். குண்டு வந்து தலையிலே பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ல் அந்தப் பிள்ளை இறந்துபோனான்.

‘பயிற்சியிலேதானே நடந்தது!’ என்று நீங்கள் எழுந்திருப்பீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், பயிற்சியிலேதான் நடந்தது. அந்தப் பிள்ளை மேல் யாருக்காவது கெட்ட எண்ணம் இருந்ததா? எந்த மனசை நீங்கள் திருத்தியிருந்தால் அவன் சோற்றைச் சாப்பிட்டு முடித்திருப்பான்? குறி எங்கே என்று கேட்டால் போதாது. குறி தவறினால் குண்டு எங்கே போய் நிற்கும்? அதன் பின்னால் மண்மேடு இருக்கிறதா, மனிதன் இருக்கிறானா? அந்தக் கேள்வியும் சேர்ந்தால்தான் அதற்குப் பெயர் பயிற்சி.

1990-ல் ஹவானாவில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு காவலர்களுக்கு நெறிமுறை வகுத்தது. தனிப் பயிற்சியை முடித்தவருக்கே துப்பாக்கி ஏந்த அனுமதி கொடுக்க வேண்டும் என்றது. ‘நல்லவருக்குக் கொடு’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை நடுவர் அவர்களே!

நல்ல மனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதினாறு மணி நேரம் பந்தோபஸ்து நின்ற காவலருக்கு மனசு களைத்துப்போகும். கோபம் வரும், தூக்கம் வரும். அப்போது பழகின கைதான் அவரைக் காப்பாற்றும். அந்தக் கையை வருஷத்துக்கு ஒரு நாள் சுடவைத்தால் பழகாது. தினமும் பாரா மாறும்போதெல்லாம் சோதித்துப் பார்த்தால்தான் பழகும்.

மலையிலே துப்பாக்கி தேடப் போன காவலர் பத்திரமாக வீடு திரும்பணும். அவர் தேடிப்போன வீட்டுப் பிள்ளையும் பத்திரமாக இருக்கணும். ரெண்டு வீட்டிலேயும் ஒரு தாய் காத்திருக்கிறாள். அந்த இரண்டு தாய்மாரையும் மனசிலே வைத்து, பயிற்சியே என்று தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)