கணநேரச் சுடரும் அதன் பின்னொளியும்



ஊரூர் ஒல்காட் குப்பத்து மணலில் நின்று வடக்கே நோக்கினால் அடையாற்றின் முகத்துவாரம் தெரியும். அதற்கப்பால் சாந்தோம், அதனையும் கடந்தால் கடல் நோக்கி நிற்கும் மாநிலக் கல்லூரி. இதே கரையில் வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. விண்ணில் மின்னி மறையும் காமாக் கதிர் வெடிப்புகளின் வரலாறு அவ்விரண்டு இடங்களையும் தொட்டுச் செல்வது.

அணுகுண்டுச் சோதனைகளை வேவு பார்க்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்களே 1967-இல் அத்தகைய வெடிப்பொன்றை முதன்முதலில் பதிவு செய்தன. உலகறிந்தது 1973-இல். (ஒற்றர் கண்ணுக்கு வானம் அகப்பட்டது விந்தைதான்!) சில நொடிகளில் அவிந்துபோகும் அச்சுடர் பிறந்த இடம் எது? இரவில் கடலுக்குச் செல்வோர் அடிவானில் மின்னல் வெட்டக் காண்பர். எத்துணைத் தொலைவு என்பதை ஒளி மட்டும் உரைப்பதில்லை. வானியலாரும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்நிலையிலேயே இருந்தனர்.

விடை எக்ஸ் கதிரில் வந்தது. 1997 பிப்ரவரி 28 அன்று நிகழ்ந்த வெடிப்பை நோக்கிப் பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் எட்டு மணி நேரத்தில் திரும்பியது; மங்கிக்கொண்டிருந்த எக்ஸ் கதிர்ப் பின்னொளியைக் கண்டது. காமாக் கதிர் 'வெடித்தது' என்று மட்டும் சொல்லிற்று. எக்ஸ் கதிரோ 'இங்கே' என்று சுட்டிற்று. அவ்வாண்டு மே மாதத்து வெடிப்பு பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாற்பட்டது என்பது உறுதியாயிற்று.

நீண்ட வெடிப்புகள் பெருநிறை விண்மீன்கள் சரிவதால் எழுவன. இரண்டு நொடிக்குட்பட்டவை நியூட்ரான் விண்மீன்கள் இரண்டு மோதி இணைவதால் எழுவன என்பது பொதுக் கருத்து. 2017 ஆகஸ்ட் 17 அன்று அத்தகைய இணைவின் ஈர்ப்பலை வந்து 1.7 நொடியில் காமாக் கதிரும் வந்தது. சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி இரண்டாம் நாள் பார்த்தபோது அங்கு ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் ஒளி தெரிந்தது. பாய்ச்சல் நம்மை நேரே நோக்காது சாய்ந்திருந்தமையே அத்தாமதத்தின் காரணம். சில ஆண்டுகள் கழித்தும் அது முற்றும் அவியவில்லை. அத்தொலைநோக்கி தாங்கும் பெயர் மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகருடையது. 1930-இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்து செல்லும் கப்பலிலேயே விண்மீன்களின் இறுதிநிலைக்கு நிறைவரம்பு கணித்தவர் அவர்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015 செப்டம்பர் 28 அன்று எழுந்த அஸ்ட்ரோசாட், எட்டே நாளில், பக்கவாட்டில் வந்த வெடிப்பொன்றைத் தன் வன் எக்ஸ் கதிர்க் கருவியில் பிடித்தது. 2023-இல் அந்த எண்ணிக்கை 600-ஐ எட்டியது.

ஆயினும் 2021 டிசம்பர் 11 அன்று தோன்றிய வெடிப்பு ஏறத்தாழ ஒரு நிமிடம் நீடித்தது. அதன் பின்னொளியிலோ நியூட்ரான் விண்மீன் இணைவின் தடயங்களே காணப்பட்டன. நீளம் கொண்டு பிறப்பை வகுத்த பழைய கணக்கு அன்று ஆட்டங்கண்டது.