போர்வைக்குள் இருக்கும் பஞ்சு

பஞ்சுப் போர்வையைக் காண்பவர் கண், மேற்றுணியின் வண்ணத்திலேயே செல்லும். அதன் ஆயுளை வரையறுப்பனவோ உள்ளே பரப்பிய பஞ்சும், அதனைப் பிணிக்கும் தையலுமாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கப் பெண்கள் தைத்த போர்வைகள் பலவற்றில் தையல் வரிகள் மிக நெருங்கி ஓடும். அழகு கருதி மட்டும் அவ்வாறு தைத்தாரல்லர். அக்காலத்து உட்பஞ்சு வெறுமனே பரப்பிய பருத்தி. தையல் அகன்றால், சலவையில் அது நகர்ந்து ஓரிடம் கட்டியாகவும் ஓரிடம் வெறுந்துணியாகவும் போய்விடும். உள்ளே விதைத் துணுக்குத் தென்பட்டால், 1793இல் எலி விட்னி விதை நீக்கும் பொறியை அமைப்பதற்கு முந்திய போர்வை அது எனச் சிலர் சாதிப்பர். அப்பொறியும் துணுக்குகளை முற்றாக நீக்கியதில்லை. ஆதலின் அக்கூற்று நில்லாது.

இன்றோ, ஊசிகளாற் குத்தி இழைகளைப் பின்னிய பருத்திப் படைகள் கிடைக்கின்றன. அவற்றுட் சிலவற்றில் 8 முதல் 10 அங்குலம்வரை இடைவெளி விடலாம். பொதியில் அச்சிட்டிருக்கும் அளவையே முதலில் நோக்குதல் வேண்டும். கோலத்தை வரைந்தபின் பஞ்சைத் தேடுவது தலைகீழ் வேலை.

அங்ஙனமாயின் நெருங்கத் தைப்பதே எப்போதும் நன்றோ? அன்று. குளிரைத் தடுப்பது இழைகளிடையே தங்கும் காற்று. தையல் மிகுந்தால் அக்காற்றுக்கு இடமின்றிப் போர்வை அட்டைபோல் விறைக்கும். கம்பளி உரோமம் அமுங்கினும் மீண்டெழும். அகன்ற தையலில் அதன் புடைப்பு நன்கு தோன்றும். குழந்தையின் போர்வையோ அடிக்கடி சலவைக்குப் போவது. அதற்குப் பொதி கூறும் எல்லையினும் சற்று நெருக்கமாகத் தைக்கலாம். சுவரிலே தொங்கவிடுவதற்கு அத்துணை நெருக்கம் வேண்டியதில்லை.